உள்ளே இரண்டு பேர், வெளியே ஒரு திரை: ஷட்டவுன் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

போன மாதம் சேலம் சூரமங்கலத்திலிருந்து நாலு பையன்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். மூன்று பேர் ஐடிஐ முடித்த ஃபிட்டர்கள், ஒருவன் ஜவ்வரிசி மில்லில் மோட்டாரும் பம்பும் பார்த்துக்கொண்டிருந்தவன். எல்லோருக்கும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷட்டவுன் வேலை, அதாவது உலையை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கிற வேலை, கான்ட்ராக்டர் மூலமாக. இதில் அந்த மில்லுப் பையனுக்கு மட்டும் ஸ்பேனர் பிடிக்கிற வேலை கிடையாது. வெளியே ஒரு அறையில் திரை முன்னால் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பவர்களைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். "டிவி பார்க்கற வேலைதானேண்ணே" என்று சிரித்தான். நான் பல வருஷம் உள்ளே ஃபிட்டராக இருந்துவிட்டு, கடைசி சில வருஷங்கள் அந்த டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன், உள்ளே இருந்ததைவிட அங்கேதான் அதிகம் வியர்த்தது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு

கதிர்வீச்சைப் பற்றிப் பயந்துகொண்டே போகிறவனும் சரி, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று போகிறவனும் சரி, இரண்டு பேருமே தப்பு செய்வார்கள், ஏனென்றால் இரண்டு பேருக்கும் எண் தெரியாது. உலகத்தில் சராசரி மனிதன் ஒருவன் மண், பாறை, காற்று, வானம், சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் இயற்கையாக வாங்குவது வருஷத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்கே வானத்திலிருந்து வரும் கதிர் சேலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், அதற்காக யாரும் மே மாதம் ஏற்காடு போகாமல் இருப்பதில்லை.

வேலை செய்பவர்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் எல்லை, தொடர்ந்து 5 வருஷத்துக்கு 100 மில்லிசீவர்ட், அதாவது சராசரியாக வருஷத்துக்கு 20. எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இது மேல் எல்லை, செலவு செய்யக் கொடுத்த பட்ஜெட் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் அந்த ஆலை இதைவிட மிகக் குறைவாக ஓர் எண்ணைப் பர்மிட்டில் எழுதிக் கொடுக்கும். அந்த எண்தான் உங்களுடையது.

நெஞ்சில் இரண்டு பொருள் மாட்டுவார்கள். ஒன்று டிஎல்டி பேட்ஜ். உள்ளே மூன்று சின்ன வில்லைகள் இருக்கும், வாங்கிய கதிரை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், பிற்பாடு சூடாக்கிப் படிப்பார்கள். உங்கள் பெயரில் ஏறும் டோஸ், அதாவது உடம்பு வாங்கிய கதிரின் அளவு, இதுதான். இன்னொன்று எலக்ட்ரானிக் டோசிமீட்டர், அந்த நிமிஷத்து எண்ணைக் காட்டும், அலாரம் அடிக்கும். முதலாவது பாஸ்புக், இரண்டாவது சட்டைப்பையில் உள்ள சில்லறை. இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலை பார்க்கிற கெட்டிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். டோஸ் ஏறினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள், கூலி போகும் என்று பயம். அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பேட்ஜைக் கழற்றினால் பேட்ஜுக்குத்தான் டோஸ் குறையும், உடம்புக்கு இல்லை.

உள்ளே யார் யார் போக வேண்டும்?

கேமரா வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. நம் ஊர்ப் பழக்கம் தெரியும்தானே, ஒருவர் போர்வெல் மோட்டாரைத் தூக்கினால் எட்டுப் பேர் சுற்றி நிற்போம். ஷட்டவுனிலும் அப்படித்தான் இருந்தது. ஒரு வால்வில் கிளாண்ட் பேக்கிங் (தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைப்பது) மாற்ற ஃபிட்டர், ஹெல்பர், அவர்களுக்குப் பின்னால் சூப்பர்வைசர், அவருக்குப் பின்னால் தரம் பார்க்கிறவர். பின்னால் இருவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், நிற்பதற்கும் டோஸ் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் மணிக்கு 0.6 மில்லிசீவர்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர், 40 நிமிஷம். ஆளுக்கு 0.4, மொத்தம் 1.6. இப்போது சூப்பர்வைசரையும் தரம் பார்ப்பவரையும் வெளியே உட்கார வைத்துத் திரையில் காட்டுகிறோம், உள்ளே இரண்டே பேர், ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததால் வேலை 25 நிமிஷத்தில் முடிகிறது. ஆளுக்கு 0.25, மொத்தம் 0.5. கேமராவை மாட்ட ஒருவர் 5 நிமிஷம், கழற்ற 5 நிமிஷம், அதற்கு 0.1. ஆக 0.6. ஒன்றரைக்கு மேல் இருந்தது அரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, 40 நிமிஷம் 25 ஆனதற்குக் காரணம் கேமரா கிடையாது, ஒத்திகை. கேமராவின் பங்கு இரண்டு பேரை வெளியே எடுத்தது மட்டும்தான். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் விலை கூடிய கேமராவை வாங்கி மாட்டிவிட்டு, டோஸ் குறையவில்லையே என்று தலையைச் சொறிவார்கள்.

இன்னொன்று. அதே இடத்தில் 4 நிமிஷ வேலை ஒன்று இருந்தால் சூப்பர்வைசர் வெளியே நிற்பதால் மிச்சமாவது 0.04. கேமராவை மாட்டிக் கழற்றுவதற்கு 0.1. நஷ்டம். அந்த மாதிரிச் சின்ன வேலைக்குக் கேமராவே வேண்டாம், போய் முடித்துவிட்டு வந்துவிடுங்கள். ஆளை மாற்றி மாற்றி அனுப்புவதும் டோஸைக் குறைப்பதாகாது, ஒருவர் தலையில் இருந்ததை இருவர் தலையில் பிரித்து வைப்பதுதான். போதாக்குறைக்கு உள்ளே வந்து போகிற நேரம் வேறு கூடும்.

கதிர் எங்கிருந்து வருகிறது

வால்வு மூடி உட்காரும் இடத்தில் உலோகம் தேயும். கடினப்பூச்சுக்குப் போடும் கலவையில் கோபால்ட் உண்டு, அந்தத் துகள் உலைக்குள் போய் நியூட்ரான் பட்டுக் கதிர் வீசும் கோபால்ட் 60 ஆகித் திரும்பி வந்து, குழாயின் வளைவிலும் வால்வின் அடியிலும் படியும். வெறும் கண்ணுக்கு எல்லாக் குழாயும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு முழங்கை வளைவில் மட்டும் பக்கத்து இடத்தைவிடப் பல மடங்கு இருக்கும். அதனால் ஹெல்த் பிசிக்ஸ்காரர்கள், அதாவது கதிரை அளந்து பார்க்கிறவர்கள், கொடுக்கும் சர்வே படத்தைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், கதிர் கூடிய இடங்களைச் சிவப்பில் வட்டம் போட்டு.

சின்னப் புள்ளி போன்ற இடத்திலிருந்து தூரத்தை இரண்டு மடங்காக்கினால் கதிர் நாலில் ஒன்றாகும். நீளமான குழாய்க்குப் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் கணக்கு அப்படியே வராது, கிட்டத்தட்டப் பாதிதான் ஆகும். ஒரு எட்டுப் பின்னால் நின்றால் போதும் என்று நம்பி ஏமாந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் போடுகிறார்களே, அந்த ஈய ஏப்ரனைக் கேட்டவர்களும் உண்டு. கோபால்ட் 60 கதிரைப் பாதியாக்கவே சுமார் 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். ஏப்ரனில் இருப்பது அரை மில்லிமீட்டர். சுமைதான் மிச்சம்.

கேமரா

இரண்டு வேண்டும். ஒன்று அறை முழுவதையும் காட்டுவது, யார் எங்கே நிற்கிறார் என்று தெரிய. இன்னொன்று கையையும் ஸ்பேனரையும் பக்கத்தில் காட்டுவது, வெளியிலிருந்தே திருப்பவும் பெரிதாக்கவும் முடிகிற வகை. ஒன்றை மட்டும் வைத்து ஒரு முறை நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! இருபது நிமிஷம் திரை முழுக்க ஃபிட்டரின் முதுகு. வெள்ளை பிளாஸ்டிக் சூட்டு, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, ஐந்து பேர் உட்கார்ந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனவே வேலை நடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமோ தலைக்கு மேலோ வையுங்கள்.

தனியாகக் கேமரா மாட்ட ஒருவரை உள்ளே அனுப்பாதீர்கள். சாரம் கட்டுகிறவர்களோ சர்வே எடுப்பவர்களோ எப்படியும் போவார்கள், அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள், காந்தக் கிளாம்பு இருந்தால் பத்து வினாடியில் ஒட்டிவிடலாம். கதிர் வீசும் அழுக்கு ஒட்டாமல் பாலித்தீன் சுற்றுங்கள், ஆனால் மூச்சு விட இடம் இல்லாமல் இறுக்கிக் கட்டினால் சூட்டில் கேமரா நின்றுவிடும். வெளியே வரும்போது அதையும் ஆளைப் போலவே சோதித்துத்தான் விடுவார்கள். சொந்தப் போனை உள்ளே கொண்டுபோகிற எண்ணமே வேண்டாம்.

திரையில் சில சமயம் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். லென்ஸில் தூசி என்று நினைத்துத் துடைக்கச் சொல்லாதீர்கள், கதிர் கேமராவின் சில்லில் மோதுவதால் வருவது அது. புள்ளிகள் திடீரென்று கூடினால் அதுவே ஒரு செய்தி. வயர்லெஸ் கேமராவாக இருந்தால் கனமான கான்கிரீட் சுவர் சிக்னலைத் தின்றுவிடும். சில கருவிகளுக்குப் பக்கத்தில் வயர்லெஸ்ஸே கூடாது என்று தடையும் இருக்கும். கேட்டுவிட்டு மாட்டுங்கள், சந்தேகமாக இருந்தால் கேபிளே மேல்.

மனிதன் நுழைய முடியாத இடத்தில் கேமரா என்ன செய்யும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979-ல் விபத்து நடந்தது. உலைக்குள் என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்தது 1982 ஜூலையில்தான், ஒரு சின்னக் கேமராவை மேலேயிருந்து இறக்கி. எரிபொருள் இருக்க வேண்டிய இடத்தின் மேல்பகுதி காலியாக இருந்தது. மூன்று வருஷம் போட்ட யூகங்களில் பலவற்றை அந்தப் படம் அன்றைக்கே முடித்துவைத்தது.

குரல்

கேமரா போனால் கையில் எடுத்த படியையாவது முடிக்கலாம். குரல் போனால் அதுவும் முடியாது. அதனால் ஹெட்செட்டில்தான் அதிக நேரம் செலவழியுங்கள்.

ஏற்காடு பஸ்ஸில் போயிருக்கிறீர்கள் அல்லவா, இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸைப் பின்னால் எடுக்க வேண்டி வந்தால் டிரைவர் பின்னால் எட்டிப் பார்ப்பதில்லை, கண்டக்டரின் விசிலைத்தான் நம்புகிறார். கண்டக்டரும் அப்போது பயணிகளோடு கதை பேசுவதில்லை. உங்கள் வேலை அந்தக் கண்டக்டர் வேலை. உள்ளே இருப்பவருக்கு முகமூடியும் கையுறையும், பக்கத்துப் பம்பின் இரைச்சலும் சேர்ந்து பாதி காது போய்விட்டிருக்கும்.

எனவே சில பழக்கங்கள். ஒரு சேனலில் ஒரே ஒருவர்தான் உள்ளே பேசுவது, மற்ற எல்லோரும் அவரிடம் சொல்லி அவர் மூலமாக. என்ன சொன்னாலும் உள்ளே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு நீங்கள் "சரி" என்ற பிறகுதான் கை அசைய வேண்டும். வால்வு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். "அது, இது, அந்தப் பக்கம்" என்ற சொற்களுக்குத் தடை. இடது வலதும் வேண்டாம், எதிரிலிருந்து பார்க்கும் கேமராவில் அவருடைய இடது உங்களுக்கு வலது. போல்ட்டுகளுக்கு முந்தின நாளே பெயின்ட் மார்க்கரில் எண் போட்டுவிடச் சொல்லுங்கள். எட்டு போல்ட்டு ஃபிளேஞ்ச் (குழாய்களை இணைக்கும் வட்டத் தட்டு) என்றால் இறுக்கும் வரிசை 1, 5, 3, 7, 2, 6, 4, 8 என்று எழுதி ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றையும் எண்ணால் கூப்பிடுங்கள். அப்புறம் "ஸ்டாப்". அந்தச் சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. யார் சொன்னாலும் நிற்க வேண்டும், ஹெல்பர் சொன்னாலும்.

திரையில் டோஸ்

டோசிமீட்டரின் எண் ரேடியோ வழியாக வெளியே வரும் வசதி இருந்தால், உங்கள் திரையின் ஓரத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் ஓடும்: இதுவரை வாங்கியது, இப்போதைய வேகம். புதியவர்கள் முதல் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் வேகத்தைப் பாருங்கள். ஒரு ஷட்டவுனில் நல்ல ஃபிட்டர் ஒருவர், வேலையில் குறையே இல்லை, திடீரென்று அவர் வேகம் நாலு மடங்கு ஏறியது. அலாரம் அடித்திருக்கிறது, இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. அகலக் காட்சியில் பார்த்தால் தவறவிட்ட சாக்கெட்டை எடுக்கக் குனிந்தவர் அந்தச் சிவப்பு வட்டத்து வளைவின் மேல் சாய்ந்துகொண்டு நின்றார். "ஒரு எட்டுப் பின்னால, சாக்கெட் கெடக்கட்டும், வேற ஒண்ணு தர்றேன்" என்றேன். அவ்வளவுதான். பக்கத்தில் நான் நின்றிருந்தால் நானும் அந்தச் சாக்கெட்டைத்தான் தேடியிருப்பேன்.

டோசிமீட்டர் மாட்டிய இடத்துக்கு மட்டும்தான் கண் உண்டு. கதிர் தலைக்கு மேலிருந்து வந்தாலோ கையிலேயே பிடிக்க வேண்டியிருந்தாலோ நெஞ்சில் இருப்பது குறைத்துக் காட்டும். அப்போது கூடுதலாகத் தலையிலோ மணிக்கட்டிலோ மாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கல்பாக்கம் மாதிரிக் கனநீர் உலைக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள்: டிரிட்டியம், கதிர் வீசும் ஒரு வகை ஹைட்ரஜன். கனநீரில் உண்டாகி ஈரக் காற்றோடு மூச்சிலும் தோலிலும் உள்ளே போகும். அதன் கதிர் அவ்வளவு பலவீனமானது, நெஞ்சில் மாட்டிய எந்தக் கருவிக்கும் எட்டாது. திரையில் எண் பச்சையாக இருக்கும், உடம்புக்குள் ஏறிக்கொண்டிருக்கும். அதற்குக் காற்று வரும் பிளாஸ்டிக் சூட்டு, பிறகு சிறுநீர்ச் சோதனை. சோதனைக்குக் கூப்பிட்டால் வெட்கப்படாமல் போங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், பத்து நாளில் பாதி வெளியே போய்விடும்.

சேலத்திலேயே ஒத்திகை

ஆலையில் மாக்-அப், அதாவது பழகிப் பார்க்க ஒரு மாதிரி அமைப்பு இருக்கும், ஆனால் அங்கே உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அம்மாப்பேட்டையில் என் சிநேகிதர் லேத் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் செய்வது இதுதான். பழைய கேட் வால்வு ஒன்றை வைஸில் பிடித்து, சுற்றிலும் சாக்குப் படுதா கட்டி, இரண்டு போனை வீடியோ காலில் போட்டு, ஒருவன் உள்ளே, ஒருவன் தெருவில். உள்ளே இருப்பவனுக்கு இரண்டு அடுக்குக் கையுறை, முகமூடி, பக்கத்தில் கிரைண்டரை ஓட விட்டுவிடுவோம். சேலத்து வெயிலுக்கு வேறு ஏற்பாடு தேவையில்லை.

முதல் முறை 50 நிமிஷம் ஆகும், சண்டை வரும், நட்டு கீழே விழும். மூன்றாவது முறை பாதியாகும். எந்தச் சாமான் எந்த வரிசையில் வேண்டும் என்று அப்போதுதான் தெரியும், அதே வரிசையில் தட்டில் அடுக்கி உள்ளே அனுப்பலாம். நாலாவது முறை வேண்டுமென்றே போன் இணைப்பைத் துண்டிப்பேன், அறிவிக்காமல். குரல் போனதும் கையில் இருப்பதைப் பத்திரமாக வைத்துவிட்டு, முன்பே குறித்த குறைந்த டோஸ் இடத்துக்கு வருகிறானா, இல்லை "ஹலோ ஹலோ" என்று அங்கேயே நிற்கிறானா? பெரும்பாலும் ஹலோதான். முடித்ததும் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட், யார் எங்கே தடுமாறினார்கள் என்பதெல்லாம் அதைத் தின்னும்போதுதான் ஒழுங்காகப் பேச வரும்.

அன்றைக்கு

பர்மிட்டில் உள்ள டோஸ், நேரம், அலாரம் வைத்த எண் மூன்றையும் உள்ளே போகிறவர் வாயால் சொல்லக் கேளுங்கள். குரல், படம், டோஸ் எண் மூன்றும் வருகிறதா என்று வாசலிலேயே பாருங்கள், உள்ளே போய் அல்ல. குரல் போனால் வெளியே. டோஸ் எண் வராமல் போனால் அவர் கருவியைப் பார்த்து வாயால் படிக்கலாம், அதுவும் முடியாவிட்டால் வெளியே. படம் மட்டும் போனால் கையில் எடுத்த படியை முடித்துவிட்டு நிற்கலாம். இதையெல்லாம் முன்பே எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அந்த நேரத்தில் விவாதம் கூடாது.

தொட்டி மாதிரி அடைத்த இடம் என்றால் கேமரா இருக்கிறது என்பதற்காக மேன்ஹோல் வாசலில் நிற்கும் ஆளை எடுத்துவிடாதீர்கள். மயங்கி விழுந்தவரைத் திரை தூக்காது. டோஸ் குறைந்த பக்கமாக அவரை நிற்க வையுங்கள், அது போதும்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வரும் ஒரு சபலத்தையும் சொல்லிவிடுகிறேன். யார் எத்தனை தடவை தண்ணீர் குடிக்கப் போனார்கள் என்று அதே கேமராவில் எண்ணச் சொல்லி மேலேயிருந்து கேட்பார்கள். ஒரு தடவை எண்ணிக் கொடுத்தால் அடுத்த நாள் உள்ளே இருப்பவர் கேமராவுக்கு முதுகைக் காட்டியே வேலை செய்வார், பிறகு உங்கள் திரையால் யாருக்கும் பயனில்லை. நான் மறுத்திருக்கிறேன். பேச்சு வாங்கினேன், பரவாயில்லை.

வேலை முடிந்ததும் திட்டமிட்ட டோஸ் எவ்வளவு, ஆனது எவ்வளவு என்று அன்றே எழுதுங்கள், கூடினால் எந்த நிமிஷத்தில் கூடியது என்று பதிவை ஓட்டிப் பாருங்கள். ஊருக்குத் திரும்புமுன் உங்கள் டோஸ் விவரத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து கூடங்குளம் போனாலும் பழைய டோஸ் உங்களோடு வரும், மறைத்தால் ஐந்து வருஷக் கணக்கு பொய்யாகிவிடும்.

பட்டறை இந்த ஞாயிறும் காலை ஏழு மணிக்குத் திறந்திருக்கும். எங்கள் வால்வில் போல்ட்டுகள் எல்லாம் வழுவழுவென்று தேய்ந்துவிட்டன, பழைய இரும்புக் கடையில் நாலு அங்குல வால்வு எங்காவது கண்ணில் பட்டால் வரும்போது எடுத்து வாருங்கள்.